அடுப்பில் வைக்கும் மோக்கா பாத்திரத்தில் திடமான காபி: முழுமையான வழிகாட்டி

ஃபில்டரில் இறங்கிய டிகாஷன் தீர்ந்துபோன பிறகுதான் வீட்டுக்கு ஆள் வரும். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டில் இது வாரத்துக்கு இரண்டு முறையாவது நடக்கும். புதிதாகப் பொடி போட்டு வெந்நீர் ஊற்றினால், சொட்டுச் சொட்டாக இறங்கி முடிக்க அரைமணி நேரம் ஆகும். அதற்குள் வந்தவர், "ஒண்ணும் வேணாம்மா, இப்பதான் குடிச்சேன்" என்று எழுந்துவிடுவார். இரண்டாம் டிகாஷனில் கலந்து கொடுக்க எனக்கு மனம் வராது. நிறம் இருக்கும், காபி இருக்காது.

இதற்காகத்தான் மோக்கா பாட் வாங்கினேன். ஃபில்டரை ஒதுக்கவில்லை, காலைக் காபி இன்றைக்கும் அதில்தான். ஆனால் மாலை நாலு மணிக்கும், திடீரென்று யாராவது வந்து நிற்கும்போதும், இந்தச் சின்ன அலுமினியப் பாத்திரம் ஆறேழு நிமிடத்தில் கள்ளிச்சொட்டு மாதிரி டிகாஷன் கொடுத்துவிடுகிறது.

வாங்கிய பலர் இரண்டு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒரே கசப்பு" என்று பரணில் ஏற்றிவிடுகிறார்கள். பாத்திரத்தின் மேல் குற்றமில்லை. கசப்பு வேறு, திடம் வேறு. பொடியும் தண்ணீரும் சரியான அளவில் சேர்ந்தால் வருவது திடம். சூடு மிஞ்சினால் வருவது கசப்பு. கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த இரண்டையும் பிரித்து வைப்பதற்கான வேலைதான்.

பாத்திரம் எப்படி வேலை செய்கிறது

மூன்று பாகம். கீழே தண்ணீர் ஊற்றும் குடுவை. அதற்குள் இறங்கும் புனல். புனலின் தலையில் பொடி போடும் கிண்ணம், வால் பகுதி நீளக் குழாய். மேலே திருகி மாட்டும் குடுவை, அதன் நடுவில் ஒரு தூண். காபி இந்தத் தூண் வழியாக ஏறி வந்து வழியும். மேல் குடுவையின் அடியில் ஒரு சல்லடைத் தட்டும் அதைச் சுற்றி ஒரு கேஸ்கட்டும் இருக்கும், குக்கரில் இருப்பது போலவே.

கீழ்க் குடுவையில் தண்ணீருக்கு மேல் கொஞ்சம் காற்று அடைபட்டிருக்கும். சூடு ஏற ஏறக் காற்று விரியும், ஆவியும் சேரும். இரண்டும் சேர்ந்து தண்ணீரை அழுத்த, அது குழாய் வழியாக மேலேறி, பொடிக்குள் புகுந்து, தூண் வழியாக வழிகிறது. தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டிய அவசியமே இல்லை. அதற்கு முன்பே ஏறத் தொடங்கிவிடும். கடைசியில் தண்ணீர் மட்டம் குழாயின் வாய்க்குக் கீழே போனதும், வெறும் ஆவியும் கொதிநீரும் கலந்து சீறிக்கொண்டு வரும். அந்தச் சீறல்தான் காபியைக் கெடுப்பது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அழுத்தம் ஏறக்குறைய 1 முதல் 2 பார். ஹோட்டல் எஸ்பிரஸோ இயந்திரத்தில் 9 பார் இருக்கும். அதனால் இதில் எஸ்பிரஸோ வராது, அந்தத் தடித்த நுரையும் வராது. நம் ஃபில்டர் டிகாஷனுக்கும் எஸ்பிரஸோவுக்கும் நடுவில் ஒரு திடம் வரும். பால் கலந்து குடிக்கும் நமக்கு அதுவே தாராளம்.

எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் இருந்த ஊர் என்பதால் இதை பிரெஞ்சுப் பாத்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு. இது இத்தாலியில் பிறந்தது. அலுமினியப் பட்டறை வைத்திருந்த அல்ஃபோன்சோ பியாலெத்தி 1933ல் கொண்டுவந்தார். எட்டுப் பட்டை வைத்த அந்த வடிவம் இன்றும் பெரிதாக மாறவில்லை. உலகப் போருக்குப் பிறகு அதை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தவர் அவர் மகன் ரெனாத்தோ. 2016ல் அவர் இறந்தபோது அஸ்தியை ஒரு பெரிய மோக்கா பாத்திரத்தில் வைத்தே அடக்கம் செய்தார்கள். மோக்கா என்ற பெயர் ஏமன் நாட்டுத் துறைமுகத்தின் பெயர். ஒரு காலத்தில் உலகத்துக்கே காபி அங்கிருந்துதான் கப்பல் ஏறியது. புதுச்சேரிக்கும் அந்தத் துறைமுகத்துக்கும் பழைய தொடர்பு இருக்கிறது. 1737ல் இங்கிருந்து பிரெஞ்சுக் கப்பல்கள் போய் மோக்காவின் மேல் பீரங்கிக் குண்டு வீசியிருக்கின்றன. கடற்கரைச் சாலையில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

எந்த அளவு வாங்குவது

பெட்டியில் "3 கப்", "6 கப்" என்று போட்டிருப்பார்கள். அது நம் டபரா டம்ளர் கணக்கு இல்லை. 40, 50 மில்லி பிடிக்கும் இத்தாலியச் சின்னக் கப் கணக்கு. 3 கப் பாத்திரத்தில் சுமார் 150 மில்லி தண்ணீர் பிடிக்கும். பொடி உறிஞ்சியதும், அடியில் நின்றதும் போக 100, 110 மில்லி டிகாஷன் கிடைக்கும். பால் கலந்தால் இரண்டு டம்ளர் திடமான காபி. 6 கப் என்றால் நாலு டம்ளர்.

இதில் ஒன்றை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்: பெரிய பாத்திரத்தில் பாதிப் பொடி, பாதித் தண்ணீர் என்று குறைத்துப் போட முடியாது. கிண்ணம் நிறையப் பொடி இருந்தால்தான் தண்ணீர் சீராகப் புகுந்து வரும். பாதி இருந்தால் இடைவெளி பார்த்து ஓடிவிடும், நீர்த்த காபிதான் வரும். எனவே தினமும் எத்தனை பேருக்குப் போடுகிறீர்களோ அந்த அளவையே வாங்குங்கள். இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு 3 கப் போதும்.

இண்டக்‌ஷன் அடுப்பில் அலுமினியப் பாத்திரம் சூடேறாது. அந்த அடுப்புதான் இருக்கிறது என்றால் எவர்சில்வரில் செய்தது வாங்க வேண்டும். கடைக்கு ஒரு காந்தத்தைக் கொண்டுபோய் அடியில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் சரி. கேஸ் அடுப்புக்காரர்களுக்கு வேறு ஒரு தொல்லை: பாத்திரத்தின் அடி சின்னது, அடுப்பின் கால்களுக்கு நடுவே கவிழும். அப்பளம் சுடும் கம்பி வலை ஒன்றை வைத்து அதன் மேல் வையுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பொடிதான் பாதி வேலை

ஃபில்டருக்கு வாங்கும் அதே பொடியை இதில் போட்டதுதான் நான் செய்த முதல் தப்பு. எங்கள் வீட்டில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது 70க்கு 30, அதாவது 30 பங்கு சிக்கரி. அடுப்பில் வைத்து எட்டு நிமிடம் ஆயிற்று, மேலே ஒரு சொட்டு வரவில்லை. உஸ்ஸென்று ஒரு சத்தம் மட்டும். பயந்து அடுப்பை அணைத்து, ஆறிய பிறகு திறந்தால், பொடி களி மாதிரி இறுகிக் கிடந்தது.

சிக்கரி தண்ணீரைக் குடித்து ஊதும், பிசுபிசுக்கும். ஃபில்டரில் அது நல்லது. தண்ணீரைத் தடுத்து நிறுத்தி மெதுவாக இறக்கும், டிகாஷனுக்கு நிறமும் கெட்டியும் கொடுக்கும். அழுத்தத்தில் வேலை செய்யும் மோக்காவில் அதே குணம் வழியை அடைத்துவிடும். அதனால் இதற்குச் சிக்கரி இல்லாத பொடிதான் என் சிபாரிசு. சிக்கரி மணம் இல்லாமல் காபியே இல்லை என்பவர்கள் 100 கிராமுக்கு 10 கிராம் வரை சேர்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். பாக்கெட் பொடி வாங்கினால் பின்பக்கம் பாருங்கள். கலப்பு விகிதத்தை அச்சிட வேண்டும் என்பது சட்டம். சிக்கரி 49 சதவீதம் வரை இருக்கலாம் என்று அனுமதி இருப்பதால், பார்க்காமல் வாங்கினால் பாதிப் பங்கு சிக்கரியை வீட்டுக்குக் கொண்டுவருவோம்.

அடுத்தது அரைப்பு. விரலிடையில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். மைதா மாதிரி வழுக்கினால் அது ரொம்ப நைஸ், அடைக்கும். ரவை மாதிரி உருண்டால் பெரிசு, தண்ணீர் ஓடிவிடும். தூள் உப்பைவிட ஒரு சுற்று பொடியாக, விரலில் லேசாக நறநறத்தால் அதுதான் பதம். பெரிய மார்க்கெட் பக்கம் நான் வழக்கமாக வாங்கும் கடையில் முதலில் இதைப் புரிய வைக்கக் கொஞ்சம் பாடுபட்டேன்.

"அண்ணே, சிக்கரி போடாதீங்க. ஃபில்டருக்கு அரைக்கிறதைவிடக் கொஞ்சம் பெருசா அரைங்க."

"சிக்கரி இல்லாம டிகாஷன் நிக்காதும்மா."

"ஃபில்டருக்கு இல்லண்ணே, அடுப்புல வைக்கிற பாத்திரத்துக்கு."

அவர் ஒரு பிடி அரைத்து உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். தேய்த்துப் பார்த்து, இன்னும் ஒரு சுற்று பெரிதாக என்றேன். இப்போது போய் நின்றாலே அவர் இயந்திரத்தின் திருகைத் தள்ளி வைத்துவிடுகிறார். உங்கள் கடைக்காரரிடமும் இப்படிக் கையில் கொட்டிக் காட்டச் சொல்லுங்கள். பெயரைச் சொல்வதைவிட அது சீக்கிரம் புரியும்.

கொட்டை எது? கடையில் பிளான்டேஷன் ஏ, பிளான்டேஷன் பீபெரி என்று சொல்பவையெல்லாம் அரபிகா வகை. மணமும் மெல்லிய புளிப்பும் அதற்கு. ரொபஸ்டாவில் காஃபின் ஏறக்குறைய இரண்டு மடங்கு, கனமும் கூடுதல். பால் காபிக்கு அரபிகா மட்டும் போட்டால் பாலுக்குள் அமுங்கிப்போகிறது. நான் 70 பங்கு பீபெரி, 30 பங்கு ரொபஸ்டா போடுகிறேன். கருகக் கருக வறுத்ததை வாங்காதீர்கள். எண்ணெய் மினுங்கும் கருப்புக் கொட்டை மோக்காவில் போனால் கசப்பைத் தவிர ஒன்றும் வராது. நடுத்தர வறுவல், மரப்பட்டை நிறம், அது போதும். சேர்வராயன் மலைக்குப் போகிறவர்கள் இருந்தால் ஏற்காட்டுக் கொட்டை வாங்கி வரச் சொல்லிப் பாருங்கள். நமக்குக் கிட்டத்தில் விளையும் நல்ல காபி அது.

வீட்டிலேயே அரைப்பது எல்லாவற்றையும்விட மேல். மிக்சியில் அரைத்தால் பாதி மாவாகவும் பாதி நொய்யாகவும் வரும், சூடும் ஏறும். வேறு வழியில்லை என்றால் விப்பரில் விட்டு விட்டு நாலைந்து முறை அடித்து, மாவுச் சல்லடையில் ஒரு தடவை சலித்து, அடியில் விழும் மாவை ஃபில்டருக்கு எடுத்து வையுங்கள். நான் கையால் சுற்றும் அரைவை மெஷின் வாங்கிவிட்டேன். அதற்குக் காரணம் ஒரு புயல். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது நான் நெல்லிக்குப்பத்தில் மாமியார் வீட்டில் இருந்தேன். பல நாள் கரண்ட் இல்லை. சம்படம் நிறைய வறுத்த கொட்டை இருந்தது, அரைக்க வழியில்லை. அத்தை அம்மியைக் கழுவி, கொட்டையை வைத்துக் குழவியால் நுணுக்கிக் கொடுத்தார். ஒன்றிரண்டாகத்தான் நுணுங்கியது, ஆனால் அந்த மணம் கூடம் வரைக்கும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களும் அந்தக் காபிக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

கடற்கரை ஊர்களில் பொடி சீக்கிரம் கெடும். உப்புக்காற்று ஈரத்தைக் கொண்டுவந்து பொடியைக் கட்டி கட்டியாக்கிவிடும். 100 கிராம், மிஞ்சிப்போனால் 200 கிராம், அதற்கு மேல் வாங்காதீர்கள். இறுக்கமான மூடி உள்ள எவர்சில்வர் சம்படத்தில் அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்து வைத்து எடுத்தால் ஒவ்வொரு முறையும் உள்ளே வியர்க்கும், அது வேண்டாம்.

தண்ணீர்

இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். வாயில் வைத்து எது நன்றாக இருக்கிறதோ அதைத்தான் காபிக்கும் ஊற்ற வேண்டும். கேன் தண்ணீர் போதும். உப்புத் தண்ணீர் ருசியை மட்டும் கெடுப்பதில்லை, அலுமினியத்தையும் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

போடும் முறை

புதுப் பாத்திரமாக இருந்தால் வெந்நீரில் அலசி, பழைய பொடியைப் போட்டு இரண்டு மூன்று முறை காபி இறக்கிக் கொட்டிவிடுங்கள். உலோக வாடை போய்விடும். அப்புறம்தான் குடிக்கும் காபி.

கீழ்க் குடுவையின் பக்கவாட்டில் சின்னப் பித்தளைத் திருகு மாதிரி ஒன்று இருக்கும். அதுதான் சேஃப்டி வால்வு. தண்ணீர் அதற்குக் கீழேயே நிற்க வேண்டும், அதை மூடக் கூடாது. அழுத்தம் எல்லை மீறினால் ஆவி வெளியேற அது ஒன்றுதான் வழி.

சாதாரணத் தண்ணீரா, வெந்நீரா? பழகும் வரைக்கும் சாதாரணத் தண்ணீர் ஊற்றுங்கள். வெந்நீர் ஊற்றினால் நேரம் மிச்சம், பொடி சூடான உலோகத்தில் உட்கார்ந்து வேகும் நேரமும் குறையும். ஆனால் குடுவை கை சுடும், துணி பிடித்துத் திருக வேண்டும், சரியாக இறுகாமல் போகும். கை பழகிய பிறகு வெந்நீருக்கு மாறலாம். நான் இப்போது கைபொறுக்கும் சூட்டில் ஊற்றுகிறேன்.

புனலை வைத்துப் பொடியைக் கிண்ணம் நிறையப் போடுங்கள். 3 கப் பாத்திரத்துக்கு 15 முதல் 17 கிராம் பிடிக்கும். தலைதட்டி மூன்று மேஜைக்கரண்டி என்று வைத்துக்கொள்ளலாம். விரலால் ஓரத்தைத் தட்டிச் சமன் செய்யுங்கள். அமுக்காதீர்கள். ஃபில்டரில் குடையை வைத்து அமுக்கிப் பழகிய கை இங்கேயும் தானாகவே அமுக்கப் போகும். நான் ஒரு மாதம் வரை என் கையை நானே பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. அமுக்கினால் தண்ணீர் புகாமல் அழுத்தம் கூடும், கருகிய ருசி வரும்.

கிண்ணத்தின் விளிம்பில் ஒட்டிய பொடியைத் துடைத்துவிடுங்கள். ஒரு துகள் இருந்தாலும் கேஸ்கட் சரியாகப் பதியாது, நடுவில் ஆவி கசியும். மேல் குடுவையை மாட்டி இறுக்குங்கள். கைப்பிடியைப் பிடித்துத் திருகாதீர்கள், உடலைப் பிடித்துத் திருகுங்கள். கைப்பிடி உடையும்.

சின்ன பர்னர், சிம். தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டி வெளியே நாக்கு நீட்டக் கூடாது. நீட்டினால் பிளாஸ்டிக் கைப்பிடி உருகும், காபியும் வேகும். வால்வு உங்கள் பக்கம் பார்க்காமல் திருப்பி வையுங்கள். மேல் மூடியைத் திறந்தே வையுங்கள், என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

நாலைந்து நிமிடத்தில் தூணின் உச்சியில் முதல் காபி எட்டிப் பார்க்கும். கருஞ்சிவப்பாக, தேன் மாதிரி தடித்து, தூணின் மேல் வழவழவென்று இறங்கும். நல்லெண்ணெய் ஊற்றுகிற மாதிரி சத்தமில்லாமல் வர வேண்டும். பீய்ச்சி அடித்தால் தீ அதிகம்; பாத்திரத்தைத் தூக்கி அரை நிமிடம் தள்ளிப் பிடித்து, தீயை இன்னும் குறையுங்கள். கொஞ்ச நேரத்தில் நிறம் மாறும். கருஞ்சிவப்பு பழுப்பாகும், பழுப்பு தேன் நிறமாகும். மேல் குடுவை முக்கால் பங்குக்குக் கொஞ்சம் கீழே நிறையும்போது ஓட்டம் வெளிர் மஞ்சளாக மாறத் தொடங்கும், நுரை தட்டும். அந்த நொடியில் அடுப்பை அணைத்து இறக்கிவிடுங்கள். ஈரத்துணியின் மேல் அடியை வைத்தால் ஓட்டம் உடனே நிற்கும்.

இறக்கியதும் ஒரு ஸ்பூனால் மேல் குடுவையில் கலக்கிவிடுங்கள். முதலில் வந்த கெட்டி அடியிலும், பிறகு வந்த இளசு மேலேயும் நிற்கும். கலக்காமல் ஊற்றினால் ஒரு டம்ளர் இளசாகவும் அடுத்தது விஷமாகவும் இருக்கும்.

மூன்று டம்ளரில் பிடித்துப் பாருங்கள்

இறக்கும் நேரத்தை எவ்வளவு எழுதினாலும் நாக்கு சொல்லித் தருவது போல வராது. அத்தை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். நான் இறக்கப் போனேன், அவர் கையைப் பிடித்தார்.

"இன்னும் உள்ள தண்ணி இருக்கேம்மா. எல்லாம் வரட்டும், வீணாக்காத."

"கடைசியில வர்றது நல்லா இருக்காது அத்தை."

"காசு போட்டு வாங்கின பொடி."

சரி என்று அன்றைக்கு மூன்று சின்ன டம்ளர் எடுத்தேன். முதலில் வந்ததை ஒன்றில் ஊற்றி, மறுபடி அடுப்பில் வைத்து, நடுவில் வந்ததை இன்னொன்றில் ஊற்றினேன். பிறகு தீயிலேயே விட்டேன். பாத்திரம் குடுகுடுவென்று சீறி, வெளிறிய நுரையைத் துப்பி, ஆவியாகப் பொங்கியது. அது மூன்றாவது டம்ளர். மூன்றையும் சர்க்கரை போடாமல் அத்தையிடம் கொடுத்தேன். முதல் டம்ளர் நாக்கில் ஒட்டும் கனம், லேசான புளிப்பு. இரண்டாவதில் இனிப்பும் கசப்பும் சமமாக இருந்தன. மூன்றாவதை ஒரு வாய் வைத்துவிட்டு, "வேப்பம்பட்டைக் கஷாயம் மாதிரி இருக்கே" என்று வாஷ்பேசினில் துப்பினார். அதற்குப் பிறகு நெல்லிக்குப்பத்தில் அவரே ஒன்று வாங்கி வைத்திருக்கிறார், நிறம் மாறியதும் இறக்குகிறார்.

நீங்களும் ஒரு முறை இப்படிப் பிடித்துப் பாருங்கள். அரை டம்ளர் காபி வீணாகும், ஆனால் அதற்குப் பிறகு கடிகாரம் பார்க்க வேண்டியிருக்காது. அடியில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அது மிஞ்சத்தான் வேண்டும்.

பால் கலப்பது

மோக்கா டிகாஷன் ஃபில்டர் டிகாஷனைவிடச் சூடாக இருக்கும், கொஞ்சம் கூர்மையாகவும் இருக்கும். அதைத் தணிக்க நல்ல பால் வேண்டும். இங்கே பாண்லே, கடலூரில் ஆவின். எதுவானாலும் கொழுப்பு கூடுதலான பாக்கெட்டை எடுங்கள். தண்ணீர் சேர்க்காமல் காய்ச்சி, பொங்கி வந்ததும் நிறுத்துங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய பாலில் ஏடும் வேகல் வாடையும்தான் மிஞ்சும்.

பாத்திரத்தை அடுப்பில் வைக்கும்போதே பக்கத்து பர்னரில் பாலையும் வைத்தால் இரண்டும் ஒன்றாகத் தயாராகும். டம்ளரில் சர்க்கரை, அதன் மேல் 50 மில்லி டிகாஷன், சர்க்கரை கரைந்ததும் 90 முதல் 100 மில்லி பால். டபராவுக்கும் டம்ளருக்கும் இரண்டே முறை ஆற்றுங்கள். இரண்டு முறையில் நுரை எழும்பும், நாலு முறை ஆற்றினால் சூடு போய்விடும். டிகாஷனைப் பாலோடு சேர்த்துக் கொதிக்க வைக்கவே வைக்காதீர்கள். கஷ்டப்பட்டு விலக்கிய கசப்பு அதில் திரும்பி வந்துவிடும். நாட்டுச்சர்க்கரை, வெல்லம் போடுபவர்கள் பால் கொஞ்சம் சூடு தணிந்த பிறகு போடுங்கள், இல்லையென்றால் திரியும்.

பால் இல்லாமல் குடிப்பவர்கள் டிகாஷனுக்குச் சமமாக வெந்நீர் கலந்து பாருங்கள். என் கணவர் அப்படித்தான் குடிக்கிறார்.

கழுவுவது

பாத்திரம் ஆறிய பிறகு திறங்கள். புனலைத் தலைகீழாகப் பிடித்து, குழாயின் வாயில் ஊதினால் பொடி வட்டு முழுசாக விழும். அது ரோஜாச் செடித் தொட்டிக்கு. வெதுவெதுப்பான தண்ணீரில் கையாலேயே தேய்த்துக் கழுவினால் போதும். பாத்திரம் தேய்க்கும் தூள், புளி, கம்பி நார் மூன்றும் இதன் பக்கமே வரக் கூடாது. வீட்டுவேலைக்கு வரும் அக்காவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் சொல்ல மறந்த ஒரு நாளில் அவர் அன்போடு புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்துவிட்டார். அடுத்த நாலைந்து காபியில் தகர வாடை அடித்தது. டிஷ்வாஷரில் போட்டாலும் அலுமினியம் கருத்துப்போகும்.

கழுவிய பிறகு துணியால் துடைத்து, மூன்று பாகத்தையும் தனித்தனியாகக் காற்றாட வையுங்கள். ஈரத்தோடு திருகி மூடி வைத்தால் நம் ஊர்க் காற்றில் ஒரே வாரத்தில் உள்ளே வெள்ளை பூக்கும். பூத்துவிட்டால் பொடி போடாமல், தண்ணீரில் அரை மூடி எலுமிச்சைச் சாறு விட்டு ஒரு முறை ஏற்றி இறக்கி, பிறகு வெறும் தண்ணீரில் ஒரு முறை ஏற்றுங்கள். மாதம் ஒரு முறை சல்லடைத் தட்டையும் கேஸ்கட்டையும் ஸ்பூன் காம்பால் நெம்பி எடுத்து, அடியில் சேர்ந்த காபிப் பிசுக்கைக் கழுவுங்கள். பழைய பிசுக்கு சிக்கு வாடை அடிக்கும்.

கோளாறு வந்தால்

காபி ஏறவே இல்லை, சீறும் சத்தம் மட்டும் வருகிறது என்றால் உடனே அடுப்பை அணைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். முழுக்க ஆறும் வரை திறக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் அவசரமே கூடாது. ஆறிய பிறகு பார்த்தால் பொடி நைஸாக இருந்திருக்கும், அமுக்கியிருப்பீர்கள், அல்லது சிக்கரி. வால்வின் நடு ஊசியை நகத்தால் லேசாக அழுத்திப் பாருங்கள், உள்ளே போய் வெளியே வந்தால் நல்லது. உப்புப் படிந்து இறுகியிருந்தால் அந்தப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்ற வேண்டாம். தண்ணீர் ஊற்றாமல் வெறுமனே ஏற்றியதையும், கேஸ்கட் வெந்திருக்கிறதா என்று பார்க்காமல் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

நடு இணைப்பில் ஆவி கசிந்தால் விளிம்பில் பொடி இருக்கிறது, அல்லது இறுக்கம் போதவில்லை. இரண்டும் இல்லையென்றால் கேஸ்கட் தேய்ந்துவிட்டது. புதிது வாங்கப் போகும்போது பழையதைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். ஒரே "3 கப்" அளவிலும் கம்பெனிக்குக் கம்பெனி விட்டம் மாறும்.

காபி நீர்த்திருந்தால் பொடியை இன்னும் ஒரு சுற்று நைஸாக அரையுங்கள். புளித்தால் வறுவல் இளசு, அல்லது அரைப்பு பெரிசு. கசந்தால் முதலில் தீயைப் பாருங்கள், அப்புறம் இறக்கும் நேரத்தை, கடைசியாகத்தான் பொடியை. மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாது.

அஞ்சாறு பேர் வந்துவிட்டால்

3 கப் பாத்திரத்தில் இரண்டு, மூன்று ஈடு போட வேண்டியிருக்கும். முதல் ஈடு இறக்கியதும் டிகாஷனை எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி மூடி, அந்தக் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வையுங்கள். நேரடியாக அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டாம். பாத்திரம் நாலைந்து நிமிடம் தானாக ஆறட்டும். கீழ்க் குடுவையை மட்டும் குழாய்த் தண்ணீரில் காட்டி, தொடும் சூட்டுக்கு வந்த பிறகு துணி பிடித்துத் திறந்து, அடுத்த ஈட்டுக்குப் பொடி போடுங்கள். பாத்திரம் ஏற்கெனவே சூடாக இருப்பதால் இரண்டாவது ஈடு சீக்கிரம் ஏறும். அந்த முறை தீயை இன்னும் கொஞ்சம் குறைத்து வைத்து, பக்கத்திலேயே நில்லுங்கள். வந்தவரிடம் பேச்சுக் கொடுக்க வேறு யாரையாவது அனுப்புங்கள்.